கறிவேப்பிலையை யார் சாப்பிடுகிறார்கள்?

1

உத்ரெக்ட் நகரத்தில் சனிக்கிழமை காலையில் எனக்கு இரண்டு வேலைகள். வாரம் முழுவதும் சேர்ந்த கண்ணாடிப் புட்டிகளை நிறம் பிரித்துத் தெருமுனைத் தொட்டிகளில் போடுவது ஒன்று. சிவபாலனின் கடைக்குப் போவது இன்னொன்று. முதல் வேலையில் தவறு செய்தால் எதிர்வீட்டு அம்மாள் ஜன்னலிலிருந்து பார்ப்பார். அதனால் தொட்டியின் முன் நின்று ஒவ்வொரு புட்டியையும் வெளிச்சத்தில் பிடித்து, இது பச்சையா பழுப்பா என்று யோசித்துக்கொண்டிருப்பேன். இரண்டாவது வேலையில் இதுவரை எந்தச் சங்கடமும் வந்ததில்லை. போன நவம்பரில் வந்தது.

"ஐயா, கறிவேப்பிலை வரேல்லை" என்றார் சிவபாலன். யாழ்ப்பாணத்துக்காரர். முப்பது வருஷமாக இந்த ஊரில் கடை வைத்திருக்கிறார்.

"ஏன், அங்கே மழையா?"

"மழையில்லை. ஏர்போட்டில மறிச்சுப் போட்டாங்கள். மருந்து கூடிப் போச்சாம். உங்கட கந்தோர் ஆக்கள்தான்."

அலுவலகத்தைக் கந்தோர் என்பார். டச்சுக்காரர்கள் ஒரு காலத்தில் இலங்கையில் விட்டுவிட்டு வந்த சொல். அதை இவர் பத்திரமாக ஹாலந்துக்கே திருப்பிக் கொண்டுவந்து என் தலையில் போடுகிறார். நான் வேலை பார்த்த இடம் விமான நிலையத்தில் பெட்டியைப் பிரிக்கிற இடமல்ல, பூச்சிமருந்து எச்சம் எவ்வளவு இருக்கலாம் என்று கணக்குப் போடுகிற இடம், தவிர நான் ஓய்வுபெற்று ஏழு வருஷம் ஆகிறது என்று சொல்ல ஆரம்பித்தேன். எனக்குப் பின்னால் வரிசையில் நான்கு பேர்.

"விளக்கம் பிறகு சொல்லுங்கோ ஐயா. இப்ப வெண்டிக்காய் வேணுமோ?"

எனக்கு இன்னொரு கவலையும் இருந்தது. அந்தக் கடைக்கு வரும் கறிவேப்பிலைப் பெட்டியில் ஒரு கிளிப் படம் இருக்கும். அந்தக் கிளி ஊரப்பாக்கத்துக் கிளி. என் தங்கை வசந்தாவின் கணவர் ஏகாம்பரத்தின் பேக்கிங் ஷெட்டிலிருந்து கிளம்பி, மீனம்பாக்கத்தில் விமானம் ஏறி, இங்கே வந்து இறங்குவது. கடையில் வேறு யாராவது அந்தப் பெட்டியிலிருந்து எடுத்தால், "அது எங்க மாப்பிள்ளை அனுப்பறது" என்று சொல்லிவிட்டுத்தான் நகர்வேன். இனி என்ன சொல்லுவது?

வீட்டில் அன்று வெண்பொங்கல். என் மனைவி கமலா அதை என் முன்னால் வைத்துவிட்டு, "நல்லாப் பாத்துக்குங்க. மிளகு இருக்கு, முந்திரி இருக்கு. அவ்வளவுதான். இத்தனை வருஷம் அந்த ஆபீஸ்ல குப்பை கொட்டி, ஒரு கொத்துக் கறிவேப்பிலைய உள்ள விட வழி பண்ணல" என்றாள். ஜனவரியில் ஊருக்குப் போகும்போது புடவை மடிப்பில் வைத்துக் கொண்டுவரலாமா என்று அவள் கேட்டதையும், நான் பதறியதையும் இங்கே விவரிக்கவில்லை. சான்றிதழ் இல்லாமல் இலை தழை கொண்டுவருவது குற்றம். நான் பிடிபட்டால் பழைய அலுவலகத்தில் அதை ஓய்வறைக் காபிக்குத் தொட்டுக்கொள்வார்கள்.

மறுநாள் மகன் குடும்பத்தோடு வந்தான். அவன் இருப்பது குரோனிங்கனில், ரயிலில் இரண்டு மணி நேரம். ஆனாலும் வருவதென்றால் மூன்று வாரத்துக்கு முன்பே நாள் குறிக்க வேண்டும். முதலில் எனக்கு வருத்தமாக இருந்தது. இப்போது நானும் என் பங்குக்கு, "அன்றைக்கு எனக்குப் பல் மருத்துவர் இருக்கிறாரே" என்று பிகு பண்ணக் கற்றுக்கொண்டேன். பேத்தி லீலாவுக்கு ஒன்பது வயது. என்னை ஓப்பா என்பாள், டச்சில் தாத்தா. தமிழில் பத்துச் சொற்கள் தெரியும், அதில் நான்கு தின்பண்டம். ஆனால் சாதம் சாப்பிட்டால் கறிவேப்பிலையை ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டின் ஓரத்தில் வரிசையாக வைப்பாள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அவளிடம் மிச்சமிருக்கிற ஒரே தமிழ்ப் பழக்கம் அதுதான் என்பாள் கமலா. அன்று ஒதுக்குவதற்கு இலையில்லாமல், தட்டைக் கிளறிப் பார்த்துவிட்டு, இன்றைக்கு ஏன் இல்லை என்று டச்சில் கேட்டாள். மகன் சிரித்துக்கொண்டே என்னைக் கை காட்டினான்.

2

என் வேலை என்னவென்று தாம்பரத்தில் என்னோடு படித்தவர்களுக்குக்கூட இன்றுவரை தெரியாது. "பூச்சிமருந்து விக்கறியா?" என்று கேட்பார்கள். ஒரு முறை சொல்லிவிடுகிறேன்.

ஒரு மருந்தைப் பயிரில் அடித்தால் அறுவடையின்போது கொஞ்சம் மிச்சம் இருக்கும். எவ்வளவு மிச்சம் இருக்கலாம் என்பதற்கு ஒவ்வொரு நாடும் ஓர் அளவு வைத்திருக்கிறது. அதை ஒவ்வொரு நாடும் தனித்தனியாகக் கண்டுபிடிப்பது வீண்வேலை. அதனால் பல நாட்டு ஆட்கள் சேர்ந்து உட்காருவோம். ஒரு நாட்டுக்காரர் எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்த சோதனைகளைப் படிப்பார். இன்னொருவர் மண்ணிலும் தண்ணீரிலும் அந்த மருந்து என்ன ஆகிறது என்று பார்ப்பார். எங்கள் பங்கு, சாப்பாட்டில் வருகிற எச்சம். ஒருவர் எழுதியதை மற்றவர் திருத்துவார். அறிக்கையின் ஓரமெல்லாம் ஐந்தாறு நாட்டுக் கிறுக்கல்கள் இருக்கும். ஜப்பானியர் கேள்விக்குறி போடுவதற்கு முன்னால் மன்னிப்புக் கேட்டு ஒரு வரி எழுதுவார். பிரேசில்காரர் மூன்று ஆச்சரியக்குறி போடுவார். எனக்கு அந்த வேலை மிகவும் பிடிக்கும். பக்கத்து வீட்டுக்காரன் கணக்கைச் சரிபார்க்கிற சுகம், அதுவும் அரசாங்கச் சம்பளத்தில்.

இதில் சின்னப் பயிர்களுக்கு ஒரு தலைவலி உண்டு. கோதுமை, சோளம் என்றால் மருந்து விற்கிற நிறுவனங்களே சோதனை செய்து தாள் தாளாகக் கொடுத்துவிடும். கறிவேப்பிலைக்கு யார் கொடுப்பார்கள்? உலகக் கணக்கில் அது ஒரு தூசி. யாரும் ஆய்வு கொடுக்காத பயிருக்கு ஐரோப்பாவில் ஒரே ஒரு பொது அளவுதான். கிலோவுக்கு ஒரு மில்லிகிராமில் நூறில் ஒரு பங்கு. அதைத் தாண்டினால் விஷம் என்று பொருளல்ல. எங்களுக்குத் தெரியாது என்பதை எண்ணில் எழுதினால் அப்படி வரும். ஏகாம்பரத்தின் பெட்டி நின்றது அந்தத் தெரியாதில்தான்.

நான் வேலையில் இருந்தபோது கறிவேப்பிலை ஒரே ஒரு தடவை பேச்சுக்கு வந்தது. கறிப்பொடி அந்த மரத்தில்தான் காய்க்கிறதா என்று ஒருவர் கேட்டார். அடுத்த நாள் ஒரு பொட்டலம் கொண்டுபோய் மேஜையைச் சுற்றி அனுப்பினேன். எல்லோரும் முகர்ந்தார்கள். பிரேசில்காரர் மட்டும் ஒரு கொத்தைக் காம்போடு மென்று விழுங்கிவிட்டு, என்னைப் பார்த்து வெற்றிகரமாகச் சிரித்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை. விருந்தினருக்கு நாம் கொடுத்ததல்லவா?

இப்போது நிலைமை மாறியிருக்கிறது. இந்தியாவும் வேறு இரண்டு ஆசிய நாடுகளும் சேர்ந்து, ஒரே முறையில், கறிவேப்பிலை வயல்களில் சோதனை செய்து முடிவுகளைக் கூட்டுக் குழுவுக்குக் கொடுத்திருக்கின்றன. அதைப் பார்ப்பது அன்கே. என்னிடம் வேலை பழகிய பெண், இப்போது எனக்கு இருந்ததைவிடப் பெரிய பதவி. முதல் வருஷம் நான் டச்சில் உளறியதையெல்லாம் அவள் வேலைக்குச் சேர்ந்த நாளிலேயே யாரோ சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். ஒரு கோடையில் "எனக்கு வெக்கையாக இருக்கிறது" என்பதைத் தமிழ் வழியாக யோசித்துச் சொன்னேன். அது அவர்கள் மொழியில் ஓர் ஆண்பிள்ளை அலுவலகத்தில் சொல்லக்கூடாத வேறொரு செய்தி. இரண்டு வருஷம் கழித்துத்தான் எனக்கே அர்த்தம் தெரிந்தது.

அன்கே தொலைபேசியில் அழைத்தாள். "வயல் எண்கள் நன்றாக இருக்கின்றன. இடிப்பது ஓர் இடத்தில்தான். ஒருவர் ஒரு நாளில் அதிகபட்சம் எவ்வளவு சாப்பிடுவார்? சமையலில் போடுகிற அளவு என்னிடம் இருக்கிறது. ஆனால் உங்கள் ஊரில் எல்லோரும் அதை ஒதுக்கிவிடுகிறார்கள் என்று ஒரு கருத்து வந்திருக்கிறது. ஒதுக்குவதைக் கழிக்கலாமா?"

கழித்தால் கணக்குத் தாராளமாகக் கடந்துவிடும். வயல் சோதனையில் வந்த எச்சத்துக்கே அனுமதி கிடைக்கும், ஊரப்பாக்கத்துக் கிளி திரும்பவும் பறக்கும். கழிக்காவிட்டால் பழையபடி தெரியாதுதான்.

"தாளிக்கும்போது எண்ணெயில் இறங்குவது?" என்றேன்.

"அதற்குத் தனிச் சோதனை இருக்கிறது, அது பிரச்சினை இல்லை. நீங்கள் ஜனவரியில் சென்னை போகிறீர்கள்தானே? பார்த்து ஒரு குறிப்பு எழுதுங்கள். சான்றாக எடுக்க முடியாது. ஆனால் அங்கே முறையாகக் கணக்கெடுக்கிறவர்களை என்ன கேட்கச் சொல்வது என்று எனக்குத் தெரியும்."

ஓய்வுபெற்றவனுக்கு இதைவிடப் பெரிய மரியாதை இல்லை. கமலாவிடம் சொன்னேன். "எச்சில் இலை பாக்கற உத்தியோகம்" என்றாள்.

3

விமானம் ஏறுவதற்கு முன் பாஸ்போர்ட்டை எத்தனை முறை தொட்டுப் பார்த்தேன் என்று கமலா எண்ணிச் சொன்னாள். எண்ணுகிற வியாதி எனக்குத்தான் என்று நினைத்திருந்தேன், ஒட்டிக்கொண்டது போலிருக்கிறது.

பல்லாவரம் தாண்டியதும் எனக்கு வழி தெரியாது. நான் பிறந்தது சேலையூர், படித்தது தாம்பரம், ஆனால் ஜிஎஸ்டி ரோடு ஒவ்வொரு தடவையும் புது மேம்பாலத்தோடு வந்து நிற்கிறது. கிளாம்பாக்கத்தில் பேருந்து நிலையம் வந்தபிறகு ஊரப்பாக்கம் ஊர் மாதிரியே இல்லை. ஏகாம்பரத்தின் அப்பா நெல் போட்ட இடத்தில் இன்று மூன்று அடுக்குமாடி வீடுகளும் ஒரு பல் மருத்துவமனையும் இருக்கின்றன. விற்றது போக மிஞ்சிய மூலையில்தான் ஷெட். மதுராந்தகம் பக்கத்திலிருந்து விடியற்காலையில் கறிவேப்பிலையும் முருங்கைக்காயும் வந்து இறங்கும். பெண்கள் உட்கார்ந்து பழுத்த இலை பார்த்துக் கழித்து, கொத்துக் கொத்தாகப் பெட்டியில் அடுக்குவார்கள்.

நான் போனபோது பாதிப் பேர்தான் இருந்தார்கள். கிளி போட்ட அட்டைப் பெட்டிகள் மடிக்கப்படாமல் கூரைவரைக்கும் நின்றன.

"வாங்க மச்சான். வந்து உக்காருங்க. உங்க ஊர்க்காரன் என்னை உக்கார வெச்சிட்டான்" என்றார் ஏகாம்பரம். அறுபத்தெட்டு வயது. வெள்ளை வேட்டி, ஸ்போர்ட்ஸ் ஷூ. காலையில் நடைப்பயிற்சி முடித்து நேராக ஷெட்டுக்கு வருகிறவர்.

"ரெண்டு தடவை பெட்டி நின்னுச்சு. ராட்டர்டாம்ல வாங்கறவன் இன்னா சொல்றான்? மூணாவது தடவை நின்னா உன் சரக்கே வாணாங்கறான். முருங்கக்கா மட்டும் வெச்சிகினு இந்த ஷெட்ட ஓட்ட முடியுமா? சொல்லுங்க."

"அளவு மாறினா?"

"அதான கேக்கறேன். நம்ம ஊர்ல எவன் மச்சான் கறிவேப்பலைய துன்றான்? எட்த்து ஓரமா வெச்சிட்டுப் போய்னே இருக்கான். துன்னாத எலைக்கு இன்னா அளவு? நீங்க போன்ல சொன்னீங்களே, அந்தப் பொண்ணுகிட்ட இத்த ஒரு வரி எழுதினா முடிஞ்சிது. நீங்க எழுதினா கேப்பாங்க."

"பாக்காம எழுத முடியாது மாப்ளே."

"பாருங்க! வெள்ளிக்கெழம தம்பி பொண்ணு கல்யாணம். ஆயிரம் பேர் துன்றதப் பாருங்க. யாரு வாணான்னா?"

4

கல்யாணம் தாம்பரத்தில் ஒரு ஏசி மண்டபத்தில். மணமகள் ஏகாம்பரத்தின் தம்பி மகள் என்பதால் நான் பெண்வீட்டார். முகூர்த்தம் முடிந்ததும் எல்லோரும் மணமேடைப் பக்கம் வரிசையில் நிற்க, நான் சாப்பாட்டுக் கூடத்துக்குப் போனேன். பந்தி முடிந்து ஆட்கள் எழுந்ததும், இலை எடுக்கிறவர்கள் வருவதற்குள் ஒரு வரிசையைப் பார்த்துவிட வேண்டும். கையில் ஒரு சின்னத் தராசு, ஒரு பிளாஸ்டிக் இடுக்கி.

முதல் நாலைந்து இலை நன்றாகப் போயிற்று. அப்புறம் பரிமாறுகிற மேற்பார்வையாளர் ஒருவர் பக்கத்தில் வந்து நின்றார்.

"சார், சாப்பாட்டுல எதாவது கொறையா?"

"இல்லப்பா. கறிவேப்பிலை எண்ணிக்கிட்டிருக்கேன்."

அவர் என்னை ஒரு தடவையும் இடுக்கியை ஒரு தடவையும் பார்த்துவிட்டுப் போனார். இரண்டு நிமிஷத்தில் சமையல் கான்ட்ராக்டரே வந்துவிட்டார், நெற்றி நிறைய விபூதி, கழுத்தில் துண்டு.

"ஃபுட் டிபார்ட்மெண்டா சார்?"

"இல்லைங்க. பொண்ணோட பெரியம்மாவுக்கு அண்ணன்."

அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. "அப்ப தாராளமா எண்ணுங்க சார். சாம்பார்ல முருங்கக்காய மட்டும் எண்ணாதீங்க" என்று சொல்லிவிட்டு எனக்கு ஒரு கப் பாயசம் அனுப்பினார்.

ஒரு வரிசையில் இருபத்திரண்டு இலைகள். பதினேழில் கறிவேப்பிலை ஓரத்தில் ஒதுங்கியிருந்தது. சிலர் உப்பு வைத்த இடத்துக்குப் பக்கத்தில் குவித்திருந்தார்கள், சிலர் அப்பளத் துண்டால் மூடியிருந்தார்கள். ஐந்து இலையில் ஒன்றும் இல்லை. அதில் இரண்டு பேர் ஒதுக்கி மேஜைக்குக் கீழே போட்டிருந்தது குனிந்து பார்த்ததில் தெரிந்தது. மீதி மூன்று பேர் சாப்பிட்டிருக்கிறார்கள். இன்னும் இரண்டு பந்தி பார்த்தேன். ஏறக்குறைய அதே கதை.

ஏகாம்பரம் தாம்பூலப் பையோடு வந்தார். "இன்னா மச்சான், ரிசல்ட்டு?"

சொன்னேன். அவர் என் தோளில் அடித்த அடியில் தராசு பாயசத்தில் விழுந்தது. "நான் சொன்னனா இல்லியா! எழுதுங்க. ராத்திரிக்கே எழுதுங்க!"

"அந்த மூணு பேர்தான் உறுத்துது."

"எவன் அந்த மூணு பேரு?"

"ஒருத்தர் யாருன்னு தெரியும். ஆறாவது இலை. அது நீங்க."

"நானா?" அவர் கொஞ்சம் யோசித்தார். "நமக்கு சுகர் கீது மச்சான். அதுனால நான் துன்னுடுவேன். நம்ம ஒருத்தன வெச்சிகினு ஒலகக் கணக்கு போடுவாங்களா?" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

சொல்லப்போனால் அவர் தெரியாமல் சரியான இடத்தைத் தொட்டுவிட்டார். அந்தக் கணக்கை அப்படித்தான் போடுவோம். ஒதுக்குகிற பதினேழு பேருக்காக யாரும் அளவு வைப்பதில்லை. ஊரிலேயே அதிகமாகச் சாப்பிடுகிறவரைத் தேடிப் பிடித்து, அவருக்குத் தாங்குமா என்று பார்த்த பிறகுதான் மற்றவர்களுக்கு.

5

மறுநாள் காலை மிக்ஸி சத்தத்தில் எழுந்தேன். சமையலறையில் ஏகாம்பரம். வசந்தா காபி போட்டுக்கொண்டிருந்தாள். அவர் கையில் பெரிய எவர்சில்வர் டம்ளர், உள்ளே கரும்பச்சையாக ஏதோ.

"இது என்ன மாப்ளே?"

"கறிவேப்பல ஜூஸ். பச்சையா அரைச்சி, எலுமிச்சம்பழம் புழிஞ்சி. வெறும் வயித்துல."

"வடிகட்டலையா?"

"வடிகட்டினா சத்து பூடும் மச்சான்."

எனக்குக் கண்ணாடி தேவைப்பட்டது. போட்டுக்கொண்டு வந்து மறுபடி பார்த்தேன். "தினமுமா?"

"தெனமும். வாக்கிங் குரூப்புல எல்லாருமே குடிக்கறாங்க. நான்தான் கத்துக் குடுத்தேன். பெட்டி நின்னதுலேர்ந்து எல வீணாப் போவுதில்ல? நானே பையில போட்டு எட்த்துகினு போய்க் குடுக்கறேன். ஃப்ரீ. நம்ம சாந்தா டீச்சர் இல்ல, அவங்க பேத்திக்கும் குடுக்கறாங்க. முடி நல்லா வளருதாம்."

பெட்டிக்கென்று வந்து, அனுப்பாமல் நின்றுபோன இலை. அதே தோட்டம், அதே மருந்து. ஐரோப்பாவில் தட்டின் ஓரத்தில் ஒதுக்கப்படுவதற்காகக் கிளம்பி, தகுதியில்லை என்று நின்று, ஊரப்பாக்கத்தில் வடிகட்டாமல் வெறும் வயிற்றில் இறங்குகிறது.

பெட்டிக்கு எடுத்த லேப் ரிப்போர்ட்டைக் கேட்டேன். கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன். எச்சம், இலையின் எடை, குடிப்பவரின் எடை. ஏகாம்பரம் கனமான ஆள், அவருக்கு இடம் இருந்தது. சாந்தா டீச்சரின் பேத்திக்குப் போட்டேன். குழந்தை எவ்வளவு எடை இருக்கும் என்று வசந்தாவைக் கேட்டுக்கொண்டேன். ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று நாங்கள் போட்டிருக்கிற கோட்டைத் தாண்டியது. இன்னொரு தடவை போட்டேன். அப்போதும் தாண்டியது.

"பயப்படாதீங்க" என்றேன், பயந்த குரலில். "அந்தக் கோட்டை ரொம்பத் தள்ளித்தான் வெச்சிருக்கோம். தாண்டினதும் ஒண்ணும் ஆயிடாது. ஆனா தினமும் தாண்டக் கூடாது. இதை நான் அன்கேவுக்கு எழுதணும் மாப்ளே."

ஏகாம்பரம் டம்ளரைக் கீழே வைத்தார். "இன்னான்னு?"

"விருந்துல ஒதுக்கறாங்க, சரி. ஆனா அரைச்சுக் குடிக்கறவங்களும் இருக்காங்க, அதைக் கழிக்க முடியாதுன்னு."

"எழுதினா?"

"அளவு இப்போதைக்கு மாறாது. முறையா விசாரிச்சுட்டுத்தான் பாப்பாங்க. ஒரு வருஷம் ஆகலாம், மேலயும் ஆகலாம்."

அவர் டம்ளரைக் கொஞ்சம் தள்ளி வைத்தார். அப்புறம் மெதுவாகக் கேட்டார். "மச்சான், நீங்க எந்தப் பக்கம்? உங்க தங்கச்சி வூட்டு ஷெட்டு அது. கல்யாணத்துல பாத்தத எழுதுங்க. அது பொய்யா? இல்லியே. இந்த டம்ளர நீங்க பாக்கலன்னு வெச்சிக்குங்களேன்."

 அவர் கேட்டது பொய் சொல்ல அல்ல. ஒரு வரி குறைத்து எழுத. அந்த ஷெட்டில் பாதிப் பேர் உட்காராத இடத்தையும் நான் பார்த்துவிட்டு வந்திருந்தேன். ஏழு வருஷத்துக்கு முன்னால் என்றால், உறவினர் சம்பந்தப்பட்ட விஷயம் என்று கோப்பை வேறு ஆளிடம் தள்ளிவிட்டிருப்பேன். இங்கே தள்ள யார் இருக்கிறார்கள்?

வசந்தா அடுப்பை அணைத்தாள். முப்பத்தைந்து வருஷம் பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக்கொடுத்தவள். அவளுக்குக் குரல் உயர்த்தத் தேவையே கிடையாது.

"அண்ணா எழுதலன்னா போகுது. நான் ஒண்ணு கேக்கறேன். எடுத்துத் தட்டு ஓரத்துல வைக்கற இலைக்கு ஹாலந்துக்காரன் அங்க அவ்வளவு யோசிக்கறான். இங்க அரைச்சுக் குடிக்கற உங்களுக்காக யாரும் யோசிக்க வேண்டாமா? உங்களை விடுங்க, சாந்தா பேத்திக்கு? அந்தக் கணக்குல நீங்க இல்லவே இல்லன்னு எழுதச் சொல்றீங்களே, நீங்க என்ன ஒதுக்கின இலையா?"

ஏகாம்பரம் என்னைப் பார்த்தார். "பாத்தீங்களா மச்சான்? கல்யாணம் ஆனதுலேர்ந்து எனக்கு டெஸ்டுதான்." டம்ளரை எடுத்துத் தொட்டியில் கவிழ்த்தார். பச்சை கொஞ்ச நேரம் அடைத்துக்கொண்டு நின்று, மெதுவாக இறங்கியது.

6

நடைப்பயிற்சிக் குழு கூடுவது ஏரிக்கரைப் பக்கத்துப் பூங்காவில். நானும் கூடப் போனேன். ஏகாம்பரம் வெறுங்கையோடு வருவதைப் பார்த்ததும் ஒருவர் தூரத்திலிருந்தே, "இன்னா ஏகாம்பரம், பை எங்க? ஃப்ரீயா குடுக்கறது வலிக்குதா?" என்றார்.

"வலிக்குதுதான். எலைல மருந்து கீதாம். எங்க மச்சான் ஹாலந்துலேர்ந்து வந்து கண்டுபிட்ச்சாரு."

"ஹாலந்துலேர்ந்து வந்தா? இங்க இருந்து பாத்தா தெரியாதா?"

"தெரிஞ்சிருந்தா நீ இத்தன நாளா குடிச்சிருப்பியா?"

ஆளுக்கு ஆள் பேசினார்கள். ஒருவர் முருங்கைக்கீரைக்கு மாறலாமா என்று கேட்டார். ஒருவர் இத்தனை நாள் குடித்ததற்கு என்ன செய்வது என்று என்னைக் கேட்டார். பயப்பட ஒன்றுமில்லை, நிறுத்தினால் போதும், ஆனால் சர்க்கரை மாத்திரையை நிறுத்தியிருந்தால் டாக்டரைப் பாருங்கள் என்றேன். இரண்டு பேர் உடனே வேறு பக்கம் பார்த்தார்கள். சாந்தா டீச்சர் தன் வீட்டு மாடியிலேயே தொட்டிச் செடி இருப்பதாகவும், இலவசமாகக் கிடைத்ததால் அதைத் தொடாமல் விட்டதாகவும் சொன்னார். ஏகாம்பரம் தலையில் கை வைத்துக்கொண்டார்.

அங்கிருந்து நேராக ஷெட்டுக்குப் போனோம். வழியில் அவர் தொலைபேசியில் மதுராந்தகத்துத் தோட்டக்காரர் ஒருவரோடு சண்டை போட்டுக்கொண்டே வந்தார். எப்போது அடித்தாய், அடித்து எத்தனை நாளில் அறுத்தாய், இனிமேல் அறுப்பதற்கு முன்னால் லேபில் பார்த்துத்தான் எடுப்பேன், இஷ்டம் இருந்தால் கொடு, இல்லாவிட்டால் கூடுவாஞ்சேரி சந்தையில் கொண்டுபோய்க் கொட்டு. அதற்கு அந்தத் தோட்டக்காரர் என்ன சொன்னாரோ, போனை வைத்துவிட்டு, "ஒத்துக்குவான். முழுசா இல்ல, பாதி ஒத்துக்குவான். பாதித் தோட்டத்துல வர்றத வெச்சி வாரம் ஒரு பெட்டி அனுப்பலாம். மீதிக்கு முருங்கக்கா" என்றார். இரண்டு விரலை மடக்கி, நீட்டி, மறுபடி மடக்கினார். யாரை வரச் சொல்லுவது, யாரை வேண்டாம் என்பது என்று அவர் மனதுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. கடைசியில் எல்லோரையும் வரச் சொல்லி, நாளைக் குறைத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தார்.

ஷெட்டின் மூலையில் இருந்த மேஜையில் உட்கார்ந்து அன்கேவுக்கு எழுதினேன். நான் எழுத எழுத, அவர் என் தோளுக்குப் பின்னால் நின்று, தமிழில் சொல்லச் சொன்னார். சொன்னேன். விருந்தில் பெரும்பாலோர் ஒதுக்குகிறார்கள். ஆனால் அதைக் கழித்துக்கொள்ள வேண்டாம். சர்க்கரை நோய்க்காகவும் முடி வளரவும் பச்சையாக அரைத்துக் குடிக்கும் பழக்கம் பரவியிருக்கிறது, குழந்தைகளுக்கும் கொடுக்கிறார்கள். கணக்கெடுப்பவர்கள் தட்டைப் பற்றிக் கேட்பதற்கு முன்னால் டம்ளரைப் பற்றிக் கேட்கட்டும். நான் பார்த்த ஒருவர் ஒரு நாளைக்கு ஒரு கைப்பிடி...

"நில்லுங்க. யாரு கைப்பிடி?"

"ஒரு பேச்சுக்கு மாப்ளே. சராசரியா ஒரு கைப்பிடி."

"சராசரியா ஒங்க கைய போட்டுக்கினீங்களா?" அவர் கூடையிலிருந்த இலையை உருவி என் கையில் வைத்து மூடச் சொன்னார். பெட்டி நிறுக்கிற தராசில் போட்டார். பிறகு தன் கையை விரித்தார். கடப்பாரை பிடித்துத் தழும்பேறிய அகலமான கை. ஒரு கை இலையை அள்ளி, அழுத்தி, இரண்டு பக்கமும் பிதுங்க, தராசில் வைத்தார். என்னுடையதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் காட்டியது.

"இத்தப் போடுங்க" என்றார். "அப்புறம் ரெண்டால பெருக்குங்க. நான் ஒரு கைப்பிடியோட நிறுத்தற ஆளா?"